அவளுக்கு வந்த குரல்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் கேட்டில் ஒப்படைத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் விட்டதும் பெண்கள் போனை வாங்கிய கையோடு, பகலெல்லாம் வந்து சேர்ந்த வாய்ஸ் மெசேஜ்களைச் சத்தமாகப் போட்டுக் கேட்டபடியே பஸ்ஸுக்கு நடப்பார்கள். மாமியார், பிள்ளைகள், வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த தங்கை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒருநாள் ஒரு பெண்ணின் போனிலிருந்து என் ஜூனியரின் குரல் கேட்டது. "அக்கா, கைடு இன்னிக்கும் திட்டிட்டாருக்கா. நீங்க சாப்ட்டீங்களா?" எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் இருவரும் வேலூரில் ஒரே பல்கலைக்கழகத்தில், ஊடகத் துறையில், ஒரே நெறியாளரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். தொழிற்சாலைப் பெண்களின் வாழ்க்கையில் கைப்பேசி என்ன செய்கிறது என்பதுதான் இருவருக்கும் பொருள். அந்த கேட்டுக்கு முதலில் போனவள் நான். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்தியவளும் நான்தான். அந்தப் பெண்கள் வாய் திறந்து பேசினால்தான் என் ஆய்வே ஆய்வு. ஆனால் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று நான் கேட்டால், "அதெல்லாம் இல்ல மேடம், வாட்ஸ்அப் மட்டும்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நானும் 'இல்லை' என்று குறித்துக்கொள்வேன்.

என் ஜூனியருக்கோ குரல் குரலாக வந்தது. பல்கலைக்கழக கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்துதான் கேட்பாள். தையல் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா, "டார்கெட்ட ஜாஸ்தி பண்ணிட்டான் அந்த சூப்பர்வைசர், ஒரே பேஜாரா கீதுடி" என்று ஆரம்பித்து வீட்டுச் சண்டை வரைக்கும் கொட்டித் தீர்ப்பாள். என்னை 'மேடம்' என்றவள் அவளை 'டி' போட்டுப் பேசினாள். ஜூனியரும் அதே நீளத்துக்குத் தன் கதையைப் பேசி அனுப்புவாள். இது என்ன ஆய்வு முறை என்று நான் கிண்டலடித்திருக்கிறேன். அந்த ஒரு 'டி'க்கு ஏங்கியதுபோல் நான் வேறெதற்கும் ஏங்கியதில்லை என்பதுதான் உண்மை.

நெறியாளர் அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி தரவு யாருக்கும் கிடைக்காதும்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதையே ஒரு முழு இயலாக எழுதச் சொன்னார். அவள் அந்தப் பெண்களிடம் அனுமதி கேட்கப் போனாள். பேச்சை வைத்தே சூப்பர்வைசர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவான், எழுதவேண்டாம் என்றார்கள். பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று நெறியாளர் வாதாடிப் பார்த்தார். "அவங்க எங்கிட்ட பேசினாங்க சார், ஆராய்ச்சிக்குப் பேசல" என்று சொல்லி அந்த இயலையே அவள் கைவிட்டாள். பிறகு ஆய்வையும் விட்டுவிட்டு பெங்களூருக்கு ஏதோ வேலைக்குப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. என்னுடைய 'ஆம், இல்லை'களை வைத்தே நான் முனைவர் ஆனேன்.

இப்போது நான் கல்லூரியில் ஆய்வு முறைகள் பாடம் நடத்துகிறேன். போன மாதம் மாணவர்களை ஆம்பூருக்கு அழைத்துப் போயிருந்தபோது, பஸ் நிலையத்தில் அந்தத் தையல் பிரிவு அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அந்தப் பொண்ணோட வருவீங்களே மேடம்!"

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாகீது. நேத்துகூட பேசி அனுப்பிச்சிது, கொழந்தைக்கு ஜொரமாம்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "ஏய், உங்கூட வருவாங்களே ஒரு மேடம், இங்க பஸ் ஸ்டாண்டுல கீறாங்க பாரு." பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள். "உங்க பேரு இன்னா மேடம்?"

இரண்டு வருடம் அவளிடம் கேள்வி கேட்டவள் நான். பெயரைச் சொன்னேன். அதையும் சேர்த்து அனுப்பிவிட்டு, "இருங்க, இப்ப பேசும்" என்றாள். மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பதில் வருவதற்குள் நடந்துவிட்டேன்.