புத்தகத்தைப் பார்க்காதே, கேமராவைப் பார்

எங்கள் பள்ளியில் வாசிப்பு நேரம் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். சார்ட் அட்டையில் எழுதி, ஓரத்தில் பூ வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறது. வாசிப்பதைத் தவிர மற்றதெல்லாம் அதில் நடக்கும்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். ஹெச்.எம். ஒருவர், நான் ஒருத்தி. அவர் அறையில் ஒரு இரும்பு பீரோ. அது நிறையக் கதைப் புத்தகங்கள், எல்லாம் பிள்ளைகளுக்காக வந்தவை. வழவழப்பான தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம். சாவி மட்டும் ஹெச்.எம். சட்டைப்பையில்.

“பிள்ளைங்க கை பட்டா கிழிஞ்சிடும் டீச்சர். ஆடிட்ல யாரு பதில் சொல்றது?” என்பார்.

கிழியாமல் இருப்பதுதான் முக்கியம் என்றால் தகரத்தை வாங்கி அடுக்கி வைத்திருக்கலாம். இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பீரோ திறக்கும். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, புத்தகங்களைத் துவைத்த துணி மாதிரி தொங்கவிடுவார். பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து வரிசையாக உட்கார வேண்டும். ஹெச்.எம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போவார். குனிந்து படிக்கிற பிள்ளை அவர் கண்ணில் பட்டால் தொலைந்தது. “ஏய், புத்தகத்தைப் பாக்காத, கேமராவைப் பாரு!”

போட்டோவைக் கல்வித்துறை ஆப்பில் ஏற்றியதும் புத்தகங்கள் பறிமுதல். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் டவர் சரியாகக் கிடைக்காது. அவர் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் கொடிக்கம்பத்துக்கும் அலைந்து திரும்புகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் பள்ளியின் உண்மையான வாசிப்பு நேரம். அந்த நெட்வொர்க் கம்பெனிக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டிருக்கிறேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் ஒரு பெண் இருந்தாள். நான்காம் வகுப்பு. அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், அம்மா நடவுக்குப் போகிறவர். ஜூனில் என்னிடம் வந்தபோது அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிப்பாள், பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பவும் செய்வாள். அதற்கு மூன்று வருஷமாகக் கைதட்டி, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயரும் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பஸ் போர்டு, உர மூட்டை, பிஸ்கட் பாக்கெட் என்று அவள் மனப்பாடம் செய்திருக்க முடியாததாகப் பார்த்துப் படிக்கவைத்தேன். “சிலபஸ்ல உர மூட்டை எங்க டீச்சர் வருது?” என்று ஹெச்.எம். கேட்டார். பொங்கல் லீவு முடிந்து வந்தபோது அவள் படித்தாள். திக்கித் திக்கித்தான், ஆனால் படித்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் எடுத்தது ஒரே புத்தகம். அந்தக் கதையில், அறுவடை முடிந்த வயலில் மேய வந்த வாத்துக் கூட்டம் கிளம்பிப் போய்விடுகிறது. ஒரு குஞ்சு மட்டும் பின்தங்கிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு பக்கம், டவர் தகராறு செய்தால் இரண்டு பக்கம். சனி, ஞாயிறு முழுக்க அந்தக் குஞ்சு எந்த வரப்பில் நிற்கிறதோ என்று இவளுக்குக் கவலை. திங்கட்கிழமை காலையில் என்னிடம் வந்து, “கூட்டத்தோட போய்ச் சேந்திடுமா டீச்சர்?” என்பாள். பீரோ பூட்டியிருக்கிறது, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்போதுதான் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஹெச்.எம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு பக்கத்தை உருப்போட வைத்து முன்வரிசையில் தயாராக நிறுத்தினார். அதிகாரி வந்தார், சால்வை வாங்கினார், கயிற்றில் தொங்கிய புத்தகங்களைப் பார்த்து “அருமை” என்றார். பிறகு அந்தப் பையனைத் தாண்டிக் கையை நீட்டி, “நீ படிம்மா” என்று இவளைக் கூப்பிட்டார். ஹெச்.எம். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் வாத்துப் புத்தகத்தை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து, விரலை வைத்துப் படித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் அதிகாரி, “போதும்மா, வெரி குட்” என்றார்.

“இன்னும் முடியல சார்” என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் வாட்ச்சைப் பார்த்தார். டீ ஆறியது. வாசிப்பை ஊக்குவிக்க வந்த மனுஷனால் நாலு பக்க வாசிப்பைத் தாங்க முடியவில்லை. அவள் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

“குஞ்சு கரைமேல் ஏறிப் பார்த்தது. தூரத்தில்... தொடக்கப் பள்ளி. விற்பனைக்கு அல்ல.”

அதிகாரி கைதட்டினார். ஹெச்.எம். அதைவிடப் பலமாகக் கைதட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். புத்தகம் திருடு போய்விடக் கூடாது என்று ஹெச்.எம். கடைசி வரிகளின் மேலேயே முத்திரை மாற்றி முத்திரை குத்தி வைத்திருந்தார். ஊதா மை அப்பிக் கிடந்தது.

அவள் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். “சார், குஞ்சு போய்ச் சேந்துச்சா?”

அதிகாரி ஹெச்.எம்.மைப் பார்த்தார். ஹெச்.எம். என்னைப் பார்த்தார். அத்தனை படித்தவர்கள் இருந்த அறையில் அந்தக் கதையை முழுசாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. “அதெல்லாம் சேந்திடும்மா” என்றபடி அதிகாரி எழுந்தார். “ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“இங்க திரும்பு, கேமராவைப் பாரு” என்றார் ஹெச்.எம்.

அவள் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் போய், வெயிலில் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மைக்கு அடியில் இருந்த கறுப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். போட்டோவில் அவளுடைய வகிடுதான் விழுந்தது. “முகமே தெரியல” என்று ஹெச்.எம். அதை அழித்துவிட்டு அந்தப் பையனை நிறுத்தி வேறொன்று எடுத்தார்.

அதிகாரியின் ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் அவள் கத்தினாள். “டீச்சர், சேந்துடுச்சு! கூட்டம் அதுக்காகக் கரையில நின்னுக்கிட்டு இருந்துச்சு!”

ஹெச்.எம். சாவியை எடுத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். “அதான் கதை தெரிஞ்சுபோச்சே, குடு.”

அவள் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“இன்னொரு தடவ படிக்கணும் சார்.”