தமிழில் தட்டினால் நிற்கும் கடிகாரம்

பிரியந்தன் கணினி படித்தவனில்லை. ஜெர்மனியில் அச்சகமொன்றில் வேலை செய்த காலத்தில், மற்றவர்கள் எழுதிய நிரல்களைத் திறந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். லண்டன் வந்தபின் வேலை விமான நிலையத்தில், ஓய்வுநாளில் நிரல்.

அவன் எழுதியவற்றில் ஒன்று, எழுதப் பயன்படும் எடிட்டர் மென்பொருளோடு சேர்ந்து ஓடும் நேரக்கணிப்பான். தட்டத் தட்ட ஓடும், கை ஓய்ந்தால் சற்றுப் பொறுத்து நிற்கும். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் வீட்டில் இருந்தபடி உள்ளூர்க் கவுன்சிலின் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கும் சந்திரவதனாவுக்கும் அதைப் போட்டுக் கொடுத்திருந்தான். அவளுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் அந்தக் கணக்கைத்தான் கேட்டது. 2009 மாசியில் அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது: நாள் முழுக்கச் செய்ததாக நீங்கள் சொல்லும் வேலைக்குக் கடிகாரத்தில் சில நிமிடங்களே இருக்கின்றன, விளக்கம் வரும்வரை புதிய வேலை இல்லை.

சந்திரவதனா சொல்லக் கேட்டு, ஞாயிறு காலையே பிரியந்தன் அவள் வீட்டுக்குப் போய்விட்டான்.

"வேலை போனாப் போகட்டும், தம்பி. என்னைக் கள்ளி எண்டெல்லோ நினைக்கினம்."

அவன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நாலு வரி தட்டினான். கடிகாரம் ஓடியது. எடிட்டரை மூடித் திறந்தான். அப்போதும் ஓடியது.

"ஓடுதே, அக்கா."

"உம்மைக் கண்டால் ஓடும். நீர் அதின்ரை அப்பனெல்லோ."

அவன் எழுந்து கதிரையைக் கொடுத்தான். "நீங்கள் வழமையாச் செய்யிற மாதிரியே செய்யுங்கோ."

அவள் தமிழில் தட்டத் தொடங்கினாள். பந்தி நிறைந்தது, கடிகாரம் அசையவில்லை. கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தபோதுதான் முள் விழித்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இடையில் நின்று விசைகளை வாங்கி, முடிந்த எழுத்தைத்தான் எடிட்டரிடம் கொடுக்கிறது. இவனுடைய நிரலோ எடிட்டருக்கு வரும் விசைகளை மட்டுமே எண்ணியது. ஒன்றும் வராததால் அவள் சும்மா இருப்பதாக முடிவுகட்டியது.

"தமிழன் எழுதின சாமான். ஒருக்காலும் தமிழில தட்டிப் பாக்கேல்லையோ?"

"இல்லை, அக்கா. எனக்குத் தமிழ் ரெலிபோனுக்கு மட்டும்தான்."

விசையை விட்டுவிட்டு, எழுத்து மாறுகிறதா என்று பார்க்கும்படி நிரலைத் திருத்தினான். அவள் தட்டினாள், ஓடியது. பிறகு நிறுவனத்துக்குத் தன் பெயரிலேயே எழுதினான்: பிழை என்னுடையது; வேண்டுமானால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

அவர்கள் சோதித்துத்தான் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு மன்னிப்பும், குப்பைத்தொட்டி நிறங்களைப் பற்றிய புதிய பிரசுரமும் வந்தன. பிரியந்தன் பொறுக்கமாட்டாமல் அவளுக்குப் போன் எடுத்தான்.

"ஓடுதோ, அக்கா?"

"ஓடுது. போனை வையும், நான் தட்டாட்டி நிண்டிடும்."