முப்பத்திரண்டாவது கட்டம்

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நானா ஒரு முடிவு எடுத்ததே இல்ல. முடிவெல்லாம் படிவம் எடுக்கும். நான் பேனாவை மட்டும் எடுப்பேன்.”

பதவி உயர்வு விருந்தில், கேக் தட்டைக் கையில் பிடித்தபடி லிஃப்ட் ஆய்வாளர் இப்படி முழங்கியபோது சக ஊழியர்கள் கைதட்டினார்கள். மனைவி மட்டும் தட்டவில்லை. திரைச்சீலை நீலமா பச்சையா என்று அவள் கேட்டு மூன்று வருடமாகிறது. வீட்டு ஜன்னல் இன்னும் வெறுமனே நிற்கிறது.

அவருடைய படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள். கயிறு, பிரேக், கதவு, அவசர மணி என்று வரிசையாக. எல்லாவற்றிலும் டிக் விழுந்தால் சான்றிதழ். ஒன்று குறைந்தாலும் லிஃப்டுக்குப் பூட்டு. அலுவலகத்தில் அவரையே ‘முப்பத்தொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு புதன்கிழமை ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனார். கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. கடைசி டிக்கைப் போட்டு நிமிர்ந்தபோது, காவலாளி தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு படியேறுவது தெரிந்தது. லிஃப்டோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலியாக நின்றது.

இது எந்தக் கட்டத்திலும் அடங்காத சங்கதி. சட்டப்படி அவர் இதைப் பார்த்திருக்கவே கூடாது. ஆனால் மனசு குறுகுறுத்தது. பின்னாலேயே ஏறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது.

“ஏண்ணே, லிஃப்ட் சும்மாதானே நிக்குது?”

“படியேறுனா உடம்புக்கு நல்லது சார்.”

“எனக்கு அப்படித் தெரியல. உயிர் போகுது. உண்மையைச் சொல்லுங்க.”

காவலாளி கேனை இறக்கி வைத்தார். “நாலாவது மாடில சில நேரம் லிஃப்ட் வராமலே கதவு தொறந்துக்குது சார். உள்ள வெறும் பள்ளம். போன மாசம் கால் வச்சுட்டேன், கம்பியைப் பிடிச்சுத் தப்பிச்சேன். வெளிய சொன்னா வேலை போயிடும்னு அசோசியேஷன் செயலாளர் சொல்லிட்டாரு. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க.”

ஆய்வாளர் நான்காவது மாடியில் நின்று பொத்தானை நாற்பது தடவை அழுத்தினார். நாற்பது தடவையும் லிஃப்ட் வந்த பிறகே கதவு திறந்தது. கல்வி அதிகாரி வரும் நாளில் வகுப்பறை இருக்குமே, அந்த ஒழுங்கு. இடையில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கதவு திறந்தது. தலை நிமிராமல் உள்ளே கால் வைத்தாள். ஆய்வாளர் தடுக்கக் கை நீட்டினார்; நல்லவேளை, லிஃப்ட் வந்திருந்தது.

கீழே குடியிருப்பின் செயலாளர் காத்திருந்தார். “முப்பத்தொண்ணும் சரியாத்தானே இருக்கு சார்? கையெழுத்தைப் போட்டுடுங்க. நாளைக்கு ஆறாவது மாடிக்குப் புதுசா குடி வர்றாங்க, பீரோவெல்லாம் மேல போகணும்.”

ஆய்வாளர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். கடைசிக் கட்டத்துக்குக் கீழே நாலு கோடு இழுத்து இன்னொரு கட்டம் போட்டார். பக்கத்தில் எழுதினார்: ‘நான்காம் மாடிக் கதவின் மேல் நம்பிக்கை இல்லை. பிரித்துப் பார்க்கும் வரை லிஃப்ட் ஓடக் கூடாது.’ டிக் போடவில்லை.

“இப்படி ஒரு கட்டமே கிடையாதே சார். யார் சொல்லி எழுதறீங்க?” செயலாளரின் கண் காவலாளியின் நாற்காலிப் பக்கம் போயிற்று.

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

“உங்க மேலதிகாரிக்குப் போன் போடட்டுமா?”

“போடுங்க. நம்பர் படிவத்துக்குப் பின்பக்கம் இருக்கு.”

சொல்லிவிட்டு லிஃப்ட் கதவில் பூட்டை மாட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.