மூன்று மணி டிக்

கஸ்டமரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்த வாரத்தில்தான் எங்கள் மேனேஜர் உளவாளி ஆனார்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்களைக் கட்டாகச் சேர்த்து வயர் ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலையில் நான் லைன் இன்ஸ்பெக்டர். அந்தப் பெட்டியில் எந்த ஹார்னஸிலும் கிளிப் இல்லை. உடனே மேனேஜர் எங்களை டிரெயினிங் ஹாலில் உட்காரவைத்து ஒரு படம் போட்டார். பழைய காலத்துக் கதை. எங்கோ குண்டு வெடித்து அப்பாவிகள் சாகிறார்கள். அரசாங்கம் ஐந்து ரகசிய ஏஜெண்டுகளிடம் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறது. அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சுடுகிறார்கள். பட்டியல் சரிதானா என்று கடைசிவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோட்டும் கசங்கவில்லை.

விளக்கு போட்டதும் மேனேஜர் என்னையும் பேக்கிங் குமாரையும் நிறுத்திவைத்தார்.

"நம்ம மேலயும் அட்டாக் நடந்துகீது. நாம மூணு பேர்தான் சீக்ரெட் டீம். வெளிய மூச்சு வுடக் கூடாது."

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு லைனுக்குள் வந்து ரேக்கில் முட்டிக்கொண்டார்.

"இன்னா மேடம், சீக்ரெட்டுன்னாரு? கேன்டீன்ல தோசை ஊத்துறவருக்கே தெரிஞ்சுகீது" என்றார் குமார்.

எங்கள் பட்டியலில் ஒரே பெயர்: செல்வி. சிவகங்கைப் பெண், தண்டலத்தில் ஹாஸ்டல், சேர்ந்து நான்கு மாதம். பெட்டி மேல் அவள் நம்பர் இருந்தது. அது போதுமாம். வெள்ளிக்கிழமையோடு வேலையைவிட்டு அனுப்புவது என்று முடிவு.

"என்னைய ஊருக்கு அனுப்பிருவாகளாக்கா? கிளிப் தீந்துருச்சுன்னு லைட்டுப் போட்டேன். யாரும் வரல. லைன் நிக்காதுல்லக்கா, அப்படியே ஓட்டிட்டேன்" என்றாள் செல்வி.

"எத்தன மணிக்கு?"

"மூணு இருக்கும்க்கா."

ஆள் வேண்டும் என்று லைட் எரிந்தால் போக வேண்டியவள் நான். மணிக்கு ஒருமுறை ஐந்து பீஸ் பார்த்து, செக் ஷீட்டில் டிக் போடுவதும் என் வேலை. நெருக்கடியில் அடுத்த மணிக்கான டிக்கையும் சேர்த்தே போட்டுவிடுவது எங்கள் லைனில் பழக்கம். அந்தப் பெட்டி தயாரான அன்று வாலாஜாபாத் வீட்டிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. இரண்டு மணிக்கே மூன்று மணி டிக்கையும் போட்டுவிட்டு, செக்யூரிட்டி ரூமில் டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் இதே யோசனை. சொன்னால் என் வேலை, சொல்லாவிட்டால் அவள் வேலை. குழந்தைக்கு மருந்து கொடுத்தேனா இல்லையா என்பதுகூட மறந்துபோனது. வெள்ளிக்கிழமை காலை ஷீட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"சார், மூணு மணி டிக் நான் ரெண்டு மணிக்கே போட்டது. செல்வி லைட்டுப் போட்டப்ப நான் லைன்ல இல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம டீம்லயேவா?"

"டீமே வேணாம் சார். ஷீட்டப் பாத்திருந்தா போதும்."

பார்த்தார். அடியில் 'சரிபார்த்தேன்' என்று அவருடைய கையெழுத்து இருந்தது. அந்த வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே போட்டு வைத்தது.

செல்வி வேலையில் இருக்கிறாள். எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது, நியாயம்தான். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

புதிதாக இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பீஸைக் கையில் எடுத்த பிறகு பேனாவை எடுங்கள். யாராவது எதிரியைத் தேடிக் கிளம்பினால், அன்றைய ஷீட்டை முதலில் கேளுங்கள்.