பிரபு ஐயா கேட்ட தோசைச் சட்டுவம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் இங்கிலாந்துப் பிரபு ஒருவரைப் பற்றி எழுதினால் பெருமையடிக்கிறாள் என்பார்களே என்று கூச்சம். எழுதாமல் விட்டால் தெருவில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்களே என்று வருத்தமும் உண்டு. போன வாரம் தோசை திருப்பும்போது என் பழைய சட்டுவத்தின் வளைந்த முனை கல்லில் இடறியது. அந்த முனையை வளைத்தவர் அவர்தான். கர்த்தருடைய சித்தம் இதுதான்போலும் என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போது தூத்துக்குடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றினார். பெரியவர் அவர்கள் நாட்டில் பலமுறை தேர்தலில் ஜெயித்து மந்திரியாகவும் இருந்தவர். வயதான பிறகு ராணியம்மா பட்டம் கொடுத்துப் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்திருந்தார்களாம். எங்கள் வீட்டில் அவருக்குப் பிரபு ஐயா என்றே பெயராகிவிட்டது. ஆனால் தேர்தல் காலத்துப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. டீக்கடை அண்ணாச்சி, கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர், எதிரே சைக்கிளில் வந்தவர் என்று ஒருவர் விடாமல் கைகுலுக்கினார். "ஏளா, இவருக்கு இங்கன ஓட்டு இல்லன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று என் வீட்டுக்காரர் அன்று இரவு வந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று சொன்னார்.

அவருடைய அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அம்மா கல்யாணமாகி இங்கேதான் வந்து குடியிருந்தார். முதல் பிள்ளை பெண். தவழும் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டது. பிள்ளையை இங்கே அடக்கம் பண்ணிவிட்டு இருவரும் கப்பலேறிப் போனார்கள். பிரபு ஐயா அங்கே போனபிறகு பிறந்தவர். மகன் ஜெயித்தபோதும் மந்திரியானபோதும் அந்தத் தாய் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையாம். "உன் அக்கா கல்லறையை எப்போது போய்ப் பார்ப்பாய்?" என்பது ஒன்றுதான் கேள்வி. தேர்தல், பார்லிமெண்ட் என்று அவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது அம்மா எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடக்கிறார். கண் மூடுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாளாகக் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. உடைந்த கல், முள் மூடிய கல் எல்லாவற்றையும் தடவித் தடவிப் படித்திருக்கிறார். சாப்பிடவும் இல்லை என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னார். எங்கள் வீடு அங்கிருந்து அடுத்த தெருதான். பொடி தடவிய தோசையும் பிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு போனேன். பிரபு ஐயா என் மாமனார் கல்லறைத் திண்டின் ஓரத்தில், என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுநாள் விமானம். "அம்மாவிடம் என்ன சொல்வேன்?" என்று மகளிடம் கேட்டாராம். அந்தப் பெண் அவர் கையில் தோசையை வைத்தாள். அடையாளம் ஏதாவது உண்டா என்று என் வீட்டுக்காரரை இங்கிலீஷில் கேட்கச் சொன்னேன். தலைமாட்டில் ஒரு புறா செதுக்கியிருக்கும் என்று பாட்டி சொன்னதாக மகள் சொன்னாள்.

என் மாமனார் கல்லறைக்குப் பக்கத்தில் கேட்பாரற்ற ஒரு சின்னக் கல்லறை உண்டு. கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். தலைமாட்டில் உருண்டையாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதைக் கோழிக்குஞ்சு என்பார்கள்.

"ஏங்க, நம்ம கோழிக்குஞ்சு கல்லறையப் பாத்தீகளா?" என்றேன்.

"அது நம்ம ஆளுக கல்லறைதாம்ளா. வருஷா வருஷம் நாமதான வெள்ளையடிக்கோம்."

"நாம அடிக்கோம். ஆருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் திரும்பிப் பிரபு ஐயாவிடம் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். பிரபு ஐயா அதைப் பலமுறை கடந்து போயிருக்கிறார். பளிச்சென்று வெள்ளையாக இருந்ததால் புதுக் கல்லறை என்று நினைத்துவிட்டாராம். விஷயம் புரிந்ததும் கார்ச் சாவியை வாங்கிச் சுரண்ட ஆரம்பித்தார். "சாவி ஒடஞ்சா ஊர்கோலமா தள்ளிட்டுத்தான் போகணும்" என்று என் வீட்டுக்காரர் பதறினார். நான் வீட்டுக்கு ஓடிச் சட்டுவத்தை எடுத்துவந்தேன்.

மந்திரியாக இருந்த மனிதர் மண்ணில் முழங்காலிட்டுச் சிப்பிச் சுண்ணாம்பைப் பெயர்த்தார். பொருக்குப் பொருக்காக விழுந்தது. கோழிக்குஞ்சுக்குள்ளிருந்து மெல்ல ஒரு அலகு வந்தது. பிறகு மடக்கிய சிறகு. அதற்குக் கீழே எழுத்து. பெயர் முழுசாகத் தெரிந்ததும் அவர் சட்டுவத்தைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் குடும்பத்துக்கு உரியது.

மகள் உடனே பாட்டிக்குப் போன் போட்டாள். பிரபு ஐயா பேசினார். பளிங்குக் கல் வைக்கிறேன், சுற்றிலும் கம்பி போடுகிறேன் என்றாராம். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன். நூல் மாதிரி ஒரு குரல், தமிழில்:

"பாப்பா நல்லா இருக்கா?"

வேலைக்காரப் பெண்களோடு பேசிப் பழகிய தமிழ், அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தாயிடம் மிச்சம் இருந்திருக்கிறது. "நல்லா இருக்காம்மா. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்த அம்மா மகனிடம் சொன்னதை என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார்: பளிங்கும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பெயர் எனக்குத் தெரியும். வெள்ளையடிக்கிறவர்களை நிறுத்தச் சொல்லிவிடாதே.

புறப்படும்போது பிரபு ஐயா சட்டுவத்தை ஞாபகார்த்தமாகக் கேட்டார். "காலையில தோசைக்கு நான் என்ன செய்வேன்?" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருடைய பட்டம் இவளுக்கு வருமா என்று நான் கேட்டதற்கு, வராது, தன்னோடு முடிந்துவிடும் என்று அவரும் சிரித்தார்.

அந்தத் தாய் அந்த மாதமே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். போன வருஷம் பிரபு ஐயாவும் போய்விட்டார். தன் கல்லறைக் கல்லில் பட்டம் வேண்டாம், அம்மா வைத்த பெயர் போதும் என்று சொல்லியிருந்தாராம். மகள்தான் போனில் சொன்னாள்.

இப்போதும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அந்தச் சட்டுவத்தோடு போகிறேன். பழைய சுண்ணாம்பைச் சுரண்டுகிறேன். பெயர் வெளியே வந்ததும் சத்தமாக வாசித்து ஜெபம் பண்ணிவிட்டு மறுபடி வெள்ளையடிக்கிறேன். இந்த வருஷம் பாப்பாவின் தம்பி பெயரையும் சேர்த்து வாசித்தேன்.

அவர் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், நகை போட்டார் என்றெல்லாம் சொல்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கார் வாடகையும் ஒரு கைகுலுக்கலும் தந்தார், சட்டுவத்தைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. வாசிக்கிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சட்டுவம் என் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. அதன் முனையை இன்னும் நான் நிமிர்த்தவில்லை.