விமலேஸ்வரியின்ர காணிக்கு என்ர கையெழுத்து

என்ர மனுசி விமலேஸ்வரி ஒரு லோயர். கிளிநொச்சிக் கோட்டில தாபரிப்புக் காசு வழக்கு, விவாகரத்து, பிள்ளை ஆரோட இருக்கிறது எண்ட பிரச்சினை எண்டால் பொம்பிளையள் முதல் விசாரிக்கிற பேர் அவான்ர பேர்தான். நான் யோகலிங்கம். ஸ்கந்தபுரத்தில ரெண்டரை ஏக்கர் வயல் செய்யிறன். எங்கட வீட்டில சட்டம் தெரிஞ்ச ஆள் அவா, சத்தம் போடுற ஆள் நான். இருபத்தாறு வருசமா இது வடிவா ஓடுது.

அப்பிடிப்பட்டவாவுக்குப் போன மாசம் என்ர கையெழுத்துத் தேவைப்பட்டுது!

குசினியில மீன் வெட்டிக்கொண்டு நிண்டவா, என்ர முகத்தைப் பாக்காமலே சொன்னா. "இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை டவுனுக்கு வந்து ஒரு கையெழுத்து வைக்க வேணும்."

"என்னத்துக்கு?"

"என்ர சீதனக் காணியைக் குத்தகைக்கு எழுதப்போறன். எங்கட தேசவழமைச் சட்டத்தில, கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணியை விக்கிறதெண்டாலும் குத்தகைக்குக் குடுக்கிறதெண்டாலும் புருசன் எழுத்தில சம்மதம் குடுக்க வேணும்."

"காணி உம்மடதானே?"

"ஓம்."

"உறுதிப் பத்திரமும் உம்மட பேரில."

"ஓம்."

"அப்ப நான் இல்லாட்டி?"

"நடவாது," எண்டிட்டு மீன்ர தலையை ஒரே வெட்டில வெட்டினா.

ஐயோ, எனக்கு வந்த புழுகத்தை என்னெண்டு சொல்ல! நீதவானே நிமிந்து பாத்துக் கதைக்கிற மனுசி, என்னட்டைக் கையேந்தி நிக்கிறா. அண்டைக்கு மீன் குழம்பு கூட வேற ருசியா இருந்தது.

விசயம் என்னெண்டால், விமலாவும் இன்னும் ரெண்டு பொம்பிளை லோயர்மாரும் சேந்து குடும்ப வழக்குக்கெண்டே ஒரு கந்தோர் திறக்கிறதெண்டு முடிவெடுத்திருந்தவை. ஒராள் செட்டிகுளத்து றிப்கா, மற்றது கனகராயன்குளத்து இராசமலர். தலைமை விமலா எண்டு ரெண்டு பேரும் ஒரே வாயாச் சொல்லிப்போட்டினம். வயசுக்கு மூத்தவா எண்டு இல்லை, வழக்கைப் பிடிச்சால் விடாதவா எண்டு. கோட்டடிக்குக் கிட்ட இருக்கிற அவான்ர நாலு பரப்புச் சீதனக் காணியில கட்டிடம் போடுறது, மூண்டு பேற்ற பேரிலையும் குத்தகை எழுதுறது. இதுதான் திட்டம்.

இதுக்கை ஒரு பெரிய லோயர், ஆம்பிளை, மூத்தவர், நடுவில புகுந்திட்டார். "பிள்ளையள் ஏன் கஷ்டப்படுறியள், என்ர கந்தோருக்குப் பின்னால ஒரு அறை சும்மா கிடக்கு, என்ர பேர்ப்பலகைக்குக் கீழ இருந்து செய்யுங்கோவன்" எண்டு கேட்டவராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் மறுமொழி சொல்ல வேணும். குத்தகை உறுதி எழுதினால் சொந்தக் கந்தோர். எழுதாட்டி மூண்டு பேரும் அந்தாளின்ர பின்னறைக்குள்ள. இராசமலருக்கு வீட்டில நெருக்குதல், அவா அதுக்கு மேல ஒரு நாளும் பொறுக்கேலாதெண்டு சொல்லிப்போட்டா.

விமலா உந்த இடத்துக்கு வந்த கதையையும் சொல்லத்தானே வேணும். மீள்குடியேறி வந்த புதுசில கோட்டு வாசலில ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு குடை. அதுதான் அவான்ர தொழில். தாபரிப்பு மனு, சத்தியக்கடதாசி, லோயர்மாற்ற கடிதம் எல்லாம் அடிச்சுக் குடுப்பா. பின்னேரம் வீட்டை வந்து, "அந்த மனுவில ஒரு வரி விட்டுப்போட்டினம், அந்தப் பிள்ளை தோக்கப்போகுது" எண்டு வயிறெரிவா. பேந்து ஒரு நாள் திடீரெண்டு திறந்த பல்கலைக்கழகத்தில சட்டம் படிக்கப்போறன் எண்டா. வயசு முப்பத்தஞ்சு! எனக்கு விசர் வந்தது. கத்தினன். கத்தி முடிய, சனிக்கிழமை விடிய நாலரைக்கு அவாவை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின்ர பெட்டியில ஏத்திக்கொண்டுபோய் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு விட்டவனும் நான்தான். ஏழு வருசம். கொழும்பில சத்தியப்பிரமாணம் எடுத்த அண்டைக்கு, கறுப்புக் கோட்டோட அவாவைக் கண்டு நான் அழுத அழுகையில பக்கத்தில நிண்ட சிங்கள மனுசன் எனக்குத் தண்ணிப் போத்தல் தந்தவர்.

அந்த லாண்ட்மாஸ்டரைப் பற்றியும் ஒரு களவைச் சொல்லிவிடுறன். பளையில எனக்கு அப்பா வழியில வந்த தென்னங்காணி அரை ஏக்கர் இருந்தது. அதை நான் விமலாவுக்குச் சொல்லாமல் வித்துத்தான் மெசின் எடுத்தனான். கேட்டால் மறிப்பா எண்டு தெரியும். அதால கேக்கேல்லை. கோட்டடிப் பக்கமே போகாமல் கரடிப்போக்கில உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசைப் பிடிச்சு அலுவலை முடிச்சன். வீட்டில, "கமக்காரர் கூட்டத்தில குலுக்கலில விழுந்தது" எண்டு சொன்னன். விமலா நம்பிப்போட்டா! புக்கை பொங்கினா! பிறகு ஆர் வீட்டுக்கு வந்தாலும், "இவருக்குக் குலுக்கலில மெசின் விழுந்தது, அந்தக் கதையைச் சொல்லுங்கோவன்" எண்டு என்னை இழுத்து விடுவா. சீட்டு என்ன நிறம், குலுக்கினது ஆர், பெட்டியோ பானையோ எண்டு கேள்விக்கு மேல கேள்வி. நானும் ஒவ்வொரு முறையும் புதுசு புதுசா அவிழ்த்து விட்டன்.

சரி, கையெழுத்துக்கு வாறன். எனக்கு வந்த எடுப்பில தலைகால் தெரியேல்லை. தேத்தண்ணிக் கடையில, வாய்க்கால் கட்டில, கோயிலடியில எண்டு கண்ட ஆக்களிட்டை எல்லாம், "என்ர கையெழுத்து இல்லாட்டி ஒண்டும் அசையாது" எண்டு அளந்தன். பக்கத்து வயல் சிவராசா அதைக் கேட்டு மண்வெட்டியைப் போட்டிட்டு வந்திட்டான்.

"மச்சான், சும்மா வைச்சுக் குடுத்திடாதை. இந்தச் சான்ஸ் இனி வராது. ஏதாவது கேள்."

"என்னத்தைக் கேக்கிறது?"

அவன் தாடையைச் சொறிஞ்சு யோசிச்சிட்டு, "கந்தோர்ப் பேர்ப்பலகையில உன்ர பேரைப் போடச் சொல்லு. மேல, பெரிசா. அவாவின்ரயைக் கீழ போடட்டும்" எண்டான்.

அட, இது எனக்குத் தோன்றேல்லையே எண்டு அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

வெள்ளி விடிய எனக்குத் தண்ணி முறை. குளத்துத் தண்ணி ஒருத்தரின்ர வழக்குக்கும் காத்து நிக்காது. வாய்க்காலை மாறிக் கட்டி முடிய பத்தரை தாண்டிப்போச்சு. மோட்டச்சைக்கிளை முறுக்கிக்கொண்டு நொத்தாரிசு சுதாஜினியின்ர கந்தோருக்குப் போய்ச் சேர பதினொண்டு இருபது. காலெல்லாம் சேறு. உள்ள மூண்டு பொம்பிளை லோயர், ஒரு பொம்பிளை நொத்தாரிசு. குடும்பச் சட்டத்தைக் கரைச்சுக் குடிச்ச நாலு பேரும் என்னைக் கண்ட உடனை கதிரையை விட்டு எழும்பினவை பாருங்கோ! மாப்பிள்ளை ஊர்வலத்தில கூட எனக்கு அந்த மரியாதை கிடைக்கேல்லை.

றிப்காவுக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. "அண்ணை, என்ர காணிக்கு என்ர மனுசன்ர கையெழுத்து வேண்டாம். எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு இந்தத் தேசவழமை இல்லை. ஆனா எங்கட குடும்ப வழக்குக் கேக்கிற காழி நீதவான்ர கதிரையில ஒரு பொம்பிளை இருக்கேலாது. உங்களுக்கு இஞ்ச இடிக்குது, எங்களுக்கு அங்க இடிக்குது."

சுதாஜினி உறுதியை வாசிச்சா. விமலா கையெழுத்து வைச்சா. றிப்காவும் இராசமலரும் வைச்சினம். பேனை என்னட்டை வந்தது. நான் பேனையைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில நல்லாச் சாஞ்சன்.

"எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு."

மணி பதினொண்டு முப்பத்தெட்டு. இராசமலரின்ர முகம் செத்துப்போச்சு.

"பலகையில என்ர பேர் வரவேணும். மேல. யோகலிங்கம் சட்ட அலுவலகம்."

"உங்களுக்குச் சட்டம் தெரியுமோ?" எண்டு விமலா கேட்டா, அமைதியா.

"சம்மதம் என்ரதானே? நான் தராட்டி என்ன செய்வீர்?"

"கோட்டுக்குப் போய், புருசன் நியாயமில்லாமல் மறிக்கிறார் எண்டு அனுமதி எடுக்கலாம். நாலு பொம்பிளையளுக்கு எடுத்துக் குடுத்திருக்கிறன். ஆனா மாசக்கணக்கில இழுக்கும். எங்களிட்டை இருபது நிமிசம்தான் இருக்கு." சொல்லேக்க அவான்ர குரல் கொஞ்சம் உடைஞ்சது. அதோடயாவது நான் வாயைப் பொத்தியிருக்க வேணும். என்ர கொழுப்பு விடேல்லையே!

"பாரும் விமலா, நான் நேர்மையான ஆள். எதெண்டாலும் முகத்துக்கு நேர கேட்டுச் செய்யிறவன். உமக்கு மறைச்சு ஒரு காரியம் செய்திருப்பனோ?"

விமலா கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சா.

"குலுக்கல் சீட்டு என்ன நிறம்?"

"பச்சை."

"போன பொங்கலுக்கு மஞ்சள் எண்டியள்."

"மஞ்சளும் பச்சையும் கலந்த..."

"பளைத் தென்னங்காணி, அரை ஏக்கர். உறுதி மூண்டு பக்கம். மூண்டாம் பக்கத்தில தென்னை இருபத்திரண்டு, கிணறு ஒண்டு, அதுவும் பங்குக் கிணறு. சரியோ?"

நான் பேனையை மேசையில வைச்சன்.

"கரடிப்போக்கு நொத்தாரிசின்ர டைப்பிஸ்டுக்கு அண்டைக்குக் காய்ச்சல். நொத்தாரிசு உறுதி வரைபை என்ர மேசைக்கு அனுப்பினவர். உங்கட பேரை நான்தான் அடிச்சனான். மூண்டு பிரதி."

எனக்கு வெக்கம் பெருவிரலில இருந்து ஏறி காது மடலில வந்து சுட்டுது. பன்னிரண்டு வருசம்! புக்கை பொங்கினவா, வந்த ஆக்களுக்கு முன்னால கதை சொல்ல வைச்சவா, எல்லாம் தெரிஞ்சுகொண்டு!

"தெரிஞ்சா ஏன் அண்டைக்கு ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"என்னெண்டு கேக்கிறது? அது உங்கட முதுசம். விக்க என்ர கையெழுத்துத் தேவையெண்டு சட்டம் சொல்லேல்லை. அடிச்சுக் குடுத்திட்டு, வாற வழியில பல்கலைக்கழகப் படிவம் வாங்கிக்கொண்டு வந்தனான்." கண்ணாடியைத் துடைச்சுத் திரும்பப் போட்டா. "குறுக்கு விசாரணை செய்ய உங்களிலதான் பழகினனான். நல்ல சாட்சி நீங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பொய்."

முதல் வெடிச்சது றிப்கா. பிறகு சுதாஜினி. இராசமலர் மேசையில தலையைக் கவிட்டுச் சிரிச்சா. நான் என்ன செய்ய? பேனையை எடுத்துக் குனிஞ்சன். என்ர அவசரத்தில கையெழுத்து மண்புழு மாதிரிப் போச்சு.

"அண்ணை, அடையாள அட்டையில இருக்கிற மாதிரி வையுங்கோ," எண்டா சுதாஜினி, கண்ணீரைத் துடைச்சுக்கொண்டு.

மூச்சை இழுத்துப் பிடிச்சு மூண்டு பிரதியிலயும் ஒழுங்கா வைச்சன். மணி பதினொண்டு ஐம்பத்திரண்டு. றிப்கா உடனை பெரிய லோயருக்குக் கோல் எடுத்து, "சேர், அறை வேண்டாம், எங்களுக்குக் காணி இருக்கு" எண்டா. இராசமலர் விமலாவைத் தூக்கிச் சுத்தினா. ஐம்பது வயசை எட்டிப் பிடிக்கிற மனுசி சீலை பறக்கச் சுத்துறா, நான் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிக்கிறன்!

பேந்து நான் சுதாஜினியிட்டைச் சொன்னன், "பிள்ளை, இன்னொரு கடதாசி எழுதும். என்ர ரெண்டரை ஏக்கரையும் இனி இவான்ர கையெழுத்து இல்லாமல் நான் விக்கமாட்டன் எண்டு."

"அப்பிடி ஒண்டு சட்டத்தில இல்லை அண்ணை."

"இல்லாட்டிப் பறவாயில்லை, எழுதும்."

"எழுத வேண்டாம்," எண்டா விமலா. சிரிப்பு அவான்ர முகத்தில இருந்து போயிருந்தது. "கேட்டால் போதும்."

அந்த ரெண்டு சொல்லு எனக்கு நெஞ்சுக்குள்ள போய் நிண்டிட்டுது. நாலு பேரும் என்னையே பாக்கினம். நான் சேத்துக் காலோட எழும்பி, அவாவுக்கு முன்னால போய் நிண்டு கேட்டன்.

"விமலா, பளைக் காணியை விக்கட்டோ?"

என்ர மனுசி ஒரு நொடியும் யோசிக்கேல்லை.

"வேண்டாம்," எண்டா.