சனிக்கிழமைச் சமையலும் கழுநீர்ப் பானையும்

கொல்லம் ஆண்டு 1128, அதாவது 1953 வைகாசியில் எங்கள் இளைய மகன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். மூத்தவன் அதற்கு முன்பே மதராஸில் குடியிருந்தான். மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தக்கலையில் நானும் என் மனைவியும் மட்டும் மிஞ்சினோம்.

தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பது என் பழக்கம். இடவப்பாதி மழை முதலில் விழுந்த நாள், குளம் உடைந்த நாள், திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறுநாள் கச்சேரியில் யார் என்ன பேசினார்கள் என்பது வரை என்னிடம் குறிப்பு உண்டு. என் மனைவிக்கு மறதி தொடங்கிய நாள் மட்டும் இல்லை. அப்படி ஒரு நாள் இருந்திருக்காது. குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. எங்கள் இருவருக்கும் அவள் ஐந்து பேருக்கான அரிசி போட்டாள். சாயங்காலமானால் வாசலுக்கு வந்து, "பிள்ளையோ இன்னும் வரல்லியே?" என்று கேட்டாள். ஏதோ நினைவில் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆவணியில் ஓணத்துக்கு மூத்தவனும் மகளும் வந்திருந்தார்கள். தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுக்க அடுப்பில் சட்டியை வைத்தவள், அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். தேங்காய் கரிந்து, தீ சாய்ந்து, அடுப்பெரிக்கப் பக்கத்தில் அடுக்கியிருந்த காய்ந்த சூட்டுமட்டை பற்றிக்கொண்டது. மகன்தான் தண்ணீர் கொட்டி அணைத்தான். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எழுந்தது.

"அம்மையை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க தங்கச்சிகூட இருங்க" என்றான் மகன்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரு இடத்துல வச்சா என்ன?" என்றேன்.

"என் வீடு ஒத்த முறி அப்பா. உங்களுக்குக் கால் நீட்ட இடமிருக்காது. தங்கச்சி வீட்டுல அவ மாமியார் வேற கிடப்புல. கோவப்படாதிய."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் வயதான காலத்தில் எங்களைப் பாத்திரம் பண்டம் போல ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. சமையலுக்கு ஆள் வைத்தும் பார்த்திருந்தோம். வேறொருத்தி அடுப்பருகே வந்தாலே என் மனைவி அகப்பையை ஓங்கிக்கொண்டு போவாள்.

"அடுப்பை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கு உப்புச் சிரட்டை எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாதுதான். சித்திரை விஷு வரை தவணை கேட்டேன். அதற்குள் நான் சமையலைச் சரியாக நடத்தினால் எங்களை அப்படியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் சொன்னபடி. மகன் ஒத்துக்கொண்டான்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு மாதர் சங்கம் சனிக்கிழமைதோறும் காலையில் சமையல் வகுப்பு நடத்திவந்தது. பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் ஓட்டுக் கொட்டகை, மண் அடுப்புகள். ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையைப் பல வருஷம் நடத்திய அம்மாள்தான் டீச்சர். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்காக வைத்த வகுப்பு அது. நான் போய் நின்றதும் டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பிளையைச் சேக்கப்பிடாதுன்னு சங்கத்துல ஒரு சட்டமும் இல்ல சாரே. வேட்டியை மட்டும் மடிச்சுக் கட்டிக்கிடுங்க. தீப்பிடிச்சா என்னால பதில் சொல்ல ஒக்காது."

பின்னாலிருந்து ஒரு பெண், "மாமாவுக்கு எந்த ஊருல மாப்பிள்ளை பாத்திருக்கு?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது.

"திருவனந்தபுரத்துல. மாமியார் பொல்லாதவளாம். அதான் படிக்க வந்தேன்" என்றேன். அதன் பிறகு என்னை யாரும் வேற்றாளாகப் பார்க்கவில்லை.

அந்தக் காலைகள் எனக்குப் பிடித்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணை மனைவிக்குத் துணை வைத்துவிட்டு இறங்கினால் நடை தானாக வேகம் பிடிக்கும். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். தேங்காய்த் துருவல் வெண்மையிலிருந்து காய்ந்த தேக்கிலை நிறத்துக்கு வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. "கையை நிறுத்தாதிய. மணம் மாறுததுக்கு முன்ன இறக்கி வேற பாத்திரத்துல கொட்டிரணும். சட்டியிலேயே கிடந்தா சட்டிச் சூடே தீச்சுப்போடும்" என்பார் டீச்சர். என் முதல் தீயல் கசந்தது. "மாமா, இது தீயல் இல்ல, கஷாயம்" என்றாள் அதே பெண். மூன்றாவது முறை அவளே கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

சமைத்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. பெண்கள் சாப்பிடுவதை நான் அங்கேதான் பார்த்தேன். சோறு குழைத்து உருட்டுவார்கள், ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுவார்கள், அடுத்தவள் இலையிலிருந்து பப்படத்தைப் பறிப்பார்கள். எங்கள் வீடுகளில் ஆண்கள் உண்டு எழுந்து, பிள்ளைகள் உண்டு எழுந்து, கடைசியில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் பெண்கள் சாப்பிடுவது. என் தாயும் அப்படித்தான், என் மனைவியும் அப்படித்தான்.

வீட்டில் சமையல் என் கைக்கு வந்தது. நான் அடுப்பை ஊதுவதைப் பார்த்து என் மனைவி, "நல்ல கூத்து" என்று சிரிப்பாள். ஆனால் இலையில் பரிமாறி விளம்புவதை விட்டுத்தரவில்லை. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, முறை தவறாமல் ஒவ்வொன்றாக விளம்புவாள். அதை அவள் கை மறக்கவில்லை. நான் உண்டு கைகழுவி முன்னறைக்குப் போய்ப் பத்திரிகை விரிப்பேன். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற பேச்சு பத்திரிகையிலும் தெருவிலும் சூடாக இருந்த காலம். பின்னால் பாத்திரங்களின் ஓசை கேட்கும். அவள் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாட்டுக்குக் கழுநீர் எடுக்க வரும் பால்காரி ஒரு நாள் சொன்னாள்: "சாரே, உங்க வீட்டுக் கழனியைக் குடிச்சு எம் பசு கொழுத்துப் போச்சு. சோறும் கறியுமா கிடக்கு. வேற வீட்டுத் தண்ணியை மோந்துகூடப் பாக்க மாட்டேங்கு."

"நல்ல பசு. ருசி தெரிஞ்சது" என்றேன். எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை, மிஞ்சுகிறது என்றுதான் எண்ணினேன்.

விஷுவுக்கு மகன் தனியாக வந்தான். தீயல், அவியல், எரிசேரி, சக்கைப் பிரதமன் எல்லாம் நானே செய்தேன். அவன் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டான். இரண்டாம் முறை தீயல் வாங்கிக்கொண்டான். "அம்மை வச்ச மாதிரியே இருக்கு அப்பா" என்றபோது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான் எழுந்துவிட்டேன். அவன் எழவில்லை. ஒற்றை அறைக் குடித்தனத்தில் மனைவியோடு சேர்ந்து உண்டு பழகியவன் அவன். "அம்மா, நீயும் இரி. ஒரு வாய் சாப்பிடு" என்றான்.

"நீரு எழும்பும். பிள்ளையோ பள்ளிக்கூடம் விட்டு வரட்டு. அதுகளுக்கு விளம்பிட்டுத் திங்கேன்."

"நாந்தான் அம்மா உன் பிள்ளை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம் பிள்ளைக்கு மீசை ஏது?"

அவன் கைகழுவிவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்தான். நானும் முன்னறைக்குப் போகாமல் நின்றேன். அவள் தன் பங்கைத் தட்டால் மூடிவைத்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்தது, கழிந்தது. அவள் தட்டைத் திறந்து பார்த்தாள். சாப்பிட்டு முடித்த எச்சிலை எடுப்பவளைப் போல எல்லாவற்றையும் வழித்துக் கழுநீர்ப் பானையில் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"தின்னாச்சா?" என்று கேட்டேன்.

"தின்னாச்சு, தின்னாச்சு" என்றாள். கையை உயர்த்தி முடியைக் கோதியபோது வளையல்கள் முழங்கை வரை வழுக்கி இறங்கின.

"அம்மை திங்கதை ஒரு நாளாவது பாத்தியளா அப்பா?" என்றான் மகன்.

"எந்த ஆம்பிளை பாத்திருக்கான்?" என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். சனிக்கிழமை வரிசை கண்முன் வந்தது.

அன்று மாலை அவள் பக்கத்தில் நானே இலை போட்டு உட்கார்ந்தேன். பிசைந்து வைத்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி, நான் போவதற்காகக் காத்திருந்தாள். மக்களின் முகத்தை மறந்தவளுக்குப் புருஷன் முன்னால் வாய் அசைக்கும் வெட்கம் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துவந்தோம். அவள் எதிரே உட்கார்ந்து, "எக்கா, எனக்குத் தனியாத் திங்க இறங்காது" என்றாள். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். என் மனைவி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்கும் வீடும் கைக்குழந்தையும் உண்டு. தினம் மூன்று வேளை அவளை எப்படி அழைப்பது? "கூட்டிட்டுப் போ. உன் பெண்டாட்டி கூட இருந்து திங்கட்டு" என்று மகனிடம் நான்தான் சொன்னேன்.

பயணத்துக்குப் புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிக்கொடுத்தேன். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறியவள் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையளுக்கு" என்றாள். பஸ் கிளம்பும்போது, அசலாருக்குச் சொல்வதைப் போல, என்னையும் பார்த்து, "வாறேன்" என்றாள்.

மகள் வீட்டுக்கு ஆடி கழிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒருவருக்கு அரிசி அளக்க டீச்சர் கற்றுத்தந்தார். இப்போது என் அடுக்களையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

பால்காரி ஒரு நாள் காலையில் கழுநீர்ப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"வெறும் தண்ணியால்லா கிடக்கு. எம் பசுவுக்குப் பாலு கொறஞ்சு போச்சு சாரே" என்றாள்.